நாடிழந்தவர்களின் பந்தி

அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்துச் சிற்றூர் உணவகம் ஒன்றில், புனித வெள்ளியன்று மாலை இடம் கிடைப்பது எளிதல்ல. 2018-ஆம் ஆண்டு வேலை நிமித்தமாக லஃபயெட் நகரில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். அலுவலக நண்பர் ஒருவர் தம் குடும்பத்தாருடன் சாப்பிட அழைத்திருந்தார். போய்ச் சேர்ந்தபோது வாசலில் முப்பது பேராவது காத்திருந்தார்கள். தகரக் கூரை வேய்ந்த, எவ்வித அலங்காரமும் இல்லாத கட்டடம். கொல்லைப்புறத்தில் பெரிய கொதிகலன்கள். மிளகாய்க் காரம் ஆவியோடு எழுந்து வந்து தெருவில் நிற்பவர்களையே தும்மவைத்தது.

எங்கள் மேசையில் தட்டு இல்லை, கரண்டி இல்லை. பழைய செய்தித்தாள்களை அடுக்கடுக்காக விரித்திருந்தார்கள். நடுவில் காகிதத் துவாலைச் சுருள் ஒன்று. சற்று நேரத்தில் இரண்டு இளைஞர்கள் பெரிய தாம்பாளங்களைத் தூக்கி வந்து அப்படியே மேசைமீது கவிழ்த்தார்கள். செக்கச் சிவந்த ஒரு குன்று. கிராஃபிஷ்கள். அவற்றுக்கிடையே வெந்த உருளைக்கிழங்கு, துண்டு போட்ட மக்காச்சோளக் கதிர், முழுப் பூண்டு. பக்கத்தில் தனியாக ஒரு தட்டம் இறால். பன்னிரண்டு பேர் இருபுறமும் நின்றும் அமர்ந்தும் ஒரே குவியலில் கை வைத்தோம்.

கிராஃபிஷ் என்பது நம்மூர்ச் சிங்கி இறாலின் குட்டித் தம்பி போலத் தோற்றமளிக்கும் ஒரு நன்னீர் உயிரி. நடுவிரல் நீளம், இரண்டு கொடுக்குகள், கடினமான ஓடு. உண்பதற்கு முறை ஒன்று உண்டு. தலையையும் வாலையும் பிடித்துத் திருகிப் பிரிக்க வேண்டும். தலைக்குள் தேங்கியிருக்கும் மஞ்சள் கொழுப்பையும் காரச் சாற்றையும் உறிஞ்ச வேண்டும். பிறகு வாலின் ஓட்டை நெகிழ்த்தி உள்ளிருக்கும் சதையை இழுக்க வேண்டும். ஏழு பவுண்டு உயிரியை உரித்தால் ஒரு பவுண்டு சதை தேறும். அவசரக்காரனுக்கு ஆகாத உணவு. கை ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்க, வாய்க்குப் பேச நிறைய நேரம் கிடைக்கும்.

நண்பரின் தாத்தா எனக்கு எதிரே அமர்ந்திருந்தார். எண்பதைக் கடந்தவர். நான் ஒன்றை உரிப்பதற்குள் அவர் ஐந்து முடித்துவிடுவார். என் தடுமாற்றத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஆங்கிலத்தில் சொன்னார்: "நான் சிறுவனாக இருந்தபோது, வெளியாட்கள் வந்தால் இதை மேசைக்கடியில் ஒளித்துவைப்போம்." ஏன் என்று கேட்டேன். "ஏழைகள் தின்பது. சேற்றுப் பூச்சி என்பார்கள்" என்றார்.

அன்று நான் கேட்டதும், பிறகு தேடி வாசித்து அறிந்துகொண்டதும் சேர்ந்ததே இக்கட்டுரை. ஒரு சமூகம் தன் நாட்டை இழந்தது, பிறகு மொழியையும் ஏறக்குறைய இழந்தது, ஆனால் பந்தியை மட்டும் இழக்கவில்லை. அது எப்படி நிகழ்ந்தது என்பது வெறும் சமையல் வரலாறு அல்ல.

*

இவர்கள் கேஜன்கள். அச்சொல்லே ஒரு சிதைவு. 'அக்காடியன்' என்பது பிரெஞ்சுப் பேச்சில் 'காதியன்' ஆகி, ஆங்கிலேயர் வாயில் 'கேஜன்' ஆயிற்று. அக்காடி என்பது இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில், நோவா ஸ்கோஷியாவை ஒட்டி, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக் குடியானவர்கள் அமைத்துக்கொண்ட நாடு. கடல் ஓதம் ஏறி இறங்கும் சதுப்பு நிலங்களுக்குக் கரை கட்டி, உப்பை வடித்து, கழனிகளாக்கினார்கள். பிரான்சும் பிரிட்டனும் அந்த நிலத்தை மாறி மாறிக் கைப்பற்றின. 1713-ஆம் ஆண்டின் உத்ரெக்ட் உடன்படிக்கையில் அது பிரிட்டனுக்குப் போயிற்று.

அக்காடியர்கள் கத்தோலிக்கர்கள், பிரெஞ்சு பேசுபவர்கள். பிரிட்டிஷ் மன்னருக்கு நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் எடுக்க அவர்கள் விரும்பவில்லை. போர் வந்தால் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராக ஆயுதம் தூக்க வேண்டியிருக்கும் என்பது அவர்கள் அச்சம். நாற்பது ஆண்டுகள் இந்த இழுபறி நீடித்தது. 1755-இல் ஆளுநர் சார்ல்ஸ் லாரன்ஸ் முடிவெடுத்தார். அவ்வாண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி கிரான் பிரே என்னும் ஊரின் ஆண்களும் சிறுவர்களுமாக நானூற்றுக்கும் மேற்பட்டோர் தேவாலயத்துக்கு அழைக்கப்பட்டனர். கதவுகள் அடைக்கப்பட்டன. நிலமும் வீடும் கால்நடையும் மன்னருக்குச் சொந்தமாகிவிட்டன, நீங்கள் நாடு கடத்தப்படுகிறீர்கள் என்ற ஆணையைத் தளபதி ஜான் வின்ஸ்லோ வாசித்தார்.

அடுத்த எட்டு ஆண்டுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேற்றப்பட்டார்கள். குடும்பங்கள் பிரிந்தன. கப்பல்களிலும் கரையேறிய இடங்களிலும் நோயால் பல்லாயிரவர் மாண்டார்கள். வர்ஜீனியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை அந்தக் குடியேற்றம் ஏற்க மறுத்து இங்கிலாந்துக்குத் தள்ளிவிட்டது. பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தவர்களுக்கு அங்கும் நிலம் கிடைக்கவில்லை. தாய்நாடு என்று அவர்கள் எண்ணியிருந்த தேசம் அவர்களை அந்நியர்களாகவே நடத்தியது.

1765-இல் போசொலை என்ற பட்டப்பெயர் கொண்ட ஜோசஃப் புரூசார் ஏறத்தாழ இருநூறு பேருடன் லூயிசியானா வந்து சேர்ந்தார். பிரெஞ்சு மண் என்று நம்பித்தான் வந்தார்கள். ஆனால் 1762-இலேயே பிரான்ஸ் அந்நிலத்தை இரகசியமாக ஸ்பெயினுக்குக் கொடுத்துவிட்டிருந்தது. நல்வாய்ப்பாக ஸ்பெயினுக்குக் குடியானவர்கள் தேவைப்பட்டார்கள். 1785-இல் ஸ்பெயின் மன்னரின் செலவில் ஏழு கப்பல்களில் ஏறக்குறைய ஆயிரத்து அறுநூறு அக்காடியர்கள் பிரான்சிலிருந்து வந்து சேர்ந்தார்கள். முப்பது ஆண்டு அலைச்சலுக்குப் பிறகு மீண்டும் ஒரு சதுப்பு நிலம்.

இந்த அலைச்சலை விளக்க ஒரு நாட்டார் கதை உண்டு. தாத்தாவும் சொன்னார், கடைகளில் விற்கும் சிறுவர் புத்தகங்களிலும் வருகிறது. அக்காடியில் இருந்த சிங்கி இறால்கள் தம் மனிதர்களைப் பிரிய மனமின்றி, கப்பல்களுக்குப் பின்னாலேயே நீந்தி வந்தனவாம். வழி நெடுகப் பசியாலும் களைப்பாலும் மெலிந்து மெலிந்து, லூயிசியானா வந்து சேர்ந்தபோது விரலளவு ஆகிவிட்டனவாம். அவைதான் கிராஃபிஷ்கள். வரலாற்றாசிரியன் பல பக்கங்களில் சொல்வதை இக்கதை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறது. வந்தோம், ஆனால் சுருங்கிப்போனோம்.

*

உண்மையில் அந்த உயிரி அங்கே முன்பே இருந்தது. அதை உண்டு வாழ்ந்த மக்களும் இருந்தார்கள். ஹூமா என்னும் பழங்குடியினரின் போர்ச் சின்னமே சிவந்த கிராஃபிஷ்தான். அக்காடியர்கள் சதுப்பில் வாழக் கற்றுக்கொண்டது அப்பழங்குடிகளிடமிருந்து. உணவின் வரலாற்றை எழுதும்போது யாருடைய நிலத்தில் அடுப்பு மூட்டப்பட்டது என்பதை மறந்துவிடுவது வழக்கமாக இருக்கிறது.

கிராஃபிஷின் வாழ்க்கை நீரின் வரவையும் போக்கையும் ஒட்டியது. கோடையில் நீர் வற்றும்போது சேற்றில் வளை தோண்டி உள்ளே போய்விடும். பெண் கிராஃபிஷ் முட்டைகளைத் தன் வாலுக்கடியில் சுமந்திருக்கும். இலையுதிர் காலத்தில் நீர் திரும்பும்போது குஞ்சுகளோடு வெளியே வரும். இதைக் கவனித்த உழவர்கள் பிற்காலத்தில் நெல்லோடு இணைத்துக்கொண்டார்கள். கோடையில் அறுவடை முடிந்ததும் வயலில் மீண்டும் நீர் பாய்ச்சுகிறார்கள். தாளடி அழுகி உயிரிக்கு உணவாகிறது. குளிர்காலம் முதல் வேனில் இறுதிவரை அதே வயலில் கம்பிவலைப் பொறிகளை வைத்து கிராஃபிஷ் பிடிக்கிறார்கள். ஒரே வயலில் சோறும் குழம்பும் விளைகிறது என்று நண்பரிடம் சொன்னேன். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

பருவம் உச்சம் பெறுவது சரியாகத் தவக்காலத்தில். கத்தோலிக்கர்கள் அந்நாட்களின் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி உண்பதில்லை. நீரில் வாழ்வது இறைச்சிக் கணக்கில் வராது. ஆகவே நோன்பு நாளே பெருவிருந்து நாளாகிவிட்டது. புனித வெள்ளியன்று வாசலில் முப்பது பேர் நின்றதன் காரணம் இதுதான்.

ஆனால் நெடுங்காலம் இது வீட்டு முற்றத்து உணவாகவே இருந்தது. காசு கொடுத்து இதை வாங்கி உண்பதை யாரும் பெருமையாகக் கருதவில்லை. தூண்டிலுக்கு இரையாகவும் பயன்படுத்தினார்கள். 1927-இல் மிசிசிப்பி ஆறு கரை உடைத்துப் பெருகியது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். மறு ஆண்டே இயற்றப்பட்ட வெள்ளத் தடுப்புச் சட்டத்தின்படி, அச்சாஃபலாயா சதுப்பின் இருபுறமும் பெருங்கரைகள் எழுப்பி, வெள்ளத்தை அதற்குள் திருப்பிவிட ஏற்பாடாயிற்று. சதுப்புக்குள் இருந்த ஊர்களுக்கு அது முடிவுரை. பயூ ஷேன் என்ற ஊர் இன்று பல அடி வண்டலுக்குக் கீழே புதைந்து கிடக்கிறது. அங்கிருந்தவர்கள் கரைக்கு வெளியே வந்து குடியேறினார்கள். இரண்டாவது முறையாக ஓர் இடப்பெயர்ச்சி. கரையோரத்து ஊர்களில் மெல்லமெல்லத் தோன்றிய சிறு உணவகங்கள் வீட்டு முற்றத்தின் அடுப்பைத் தெருவுக்குக் கொண்டுவந்தன.

பிரோ பிரிட்ஜ் என்னும் சிற்றூர் 1959-இல் தன் நூற்றாண்டை எட்டியது. அதை ஒட்டி மாநிலச் சட்டமன்றம் அவ்வூரை உலகின் கிராஃபிஷ் தலைநகர் என்று அறிவித்தது. 1960-இல் முதல் கிராஃபிஷ் திருவிழா நடந்தது. 1973-இல் சதுப்பின் மீது ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நீளப் பாலம் திறக்கப்பட்டபோது, நியூ ஆர்லியன்ஸ் பக்கமிருந்தும் டெக்சஸ் பக்கமிருந்தும் கார்கள் வந்து நின்றன. மேசைக்கடியில் ஒளித்துவைத்த உணவு ஒரு தலைமுறைக்குள் மாநிலத்தின் அடையாளமாகிவிட்டது.

*

அதே ஒரு தலைமுறைக் காலத்தில்தான் மொழி போயிற்று. இவ்விரண்டும் ஒரே சமயத்தில் நடந்தன என்பதே என்னை அதிகம் யோசிக்கவைத்தது.

1921-ஆம் ஆண்டு லூயிசியானாவின் புதிய அரசியல் சட்டம், பொதுப்பள்ளிகளில் ஆங்கிலத்திலேயே பாடம் நடத்த வேண்டும் என்று விதித்தது. கட்டாயக் கல்வி ஏற்கெனவே வந்திருந்தது. வீட்டில் பிரெஞ்சு மட்டுமே கேட்டு வளர்ந்த ஆறு வயதுக் குழந்தை ஒரு நாள் காலையில் ஆங்கிலம் மட்டுமே புழங்கும் அறையில் கொண்டுபோய் அமர்த்தப்பட்டது. விளையாட்டு மைதானத்தில் பிரெஞ்சில் ஒரு வார்த்தை பேசினாலும் தண்டனை. இனிப் பிரெஞ்சு பேச மாட்டேன் என்று கரும்பலகையில் நூறு முறை எழுத வேண்டும். முழங்காலிட வேண்டும். பிரம்படியும் உண்டு.

தாத்தா தம் முதல் பள்ளி நாளைச் சொன்னார். 1940-களின் தொடக்கம். சிறுநீர் கழிக்கப் போக வேண்டும் என்று கேட்க அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பிரெஞ்சில் கேட்டால் அடி விழும் என்று பக்கத்துப் பையன் எச்சரித்திருந்தான். பேசாமல் உட்கார்ந்திருந்தார். கால்சட்டை நனைந்தது. வகுப்பே சிரித்தது. "அன்றைக்கு ஒரு முடிவெடுத்தேன். என் பிள்ளைகளுக்கு இது நேரக் கூடாது." அவர் பிள்ளைகளுக்கு நேரவில்லை. அவர்களிடம் அவர் பிரெஞ்சே பேசவில்லை.

இது அவர் ஒருவரின் கதை அன்று. அந்தத் தலைமுறை முதியவர்களிடம் கேட்டால் சிறு மாற்றங்களோடு பலரும் இதையே சொல்வார்கள். இலக்கியத்திலும் அது பதிவாகியிருக்கிறது. 1980-இல் மாண்ட்ரியாலில் வெளியான 'கிரி சூர் லெ பயூ' என்னும் தொகுப்பு லூயிசியானா பிரெஞ்சுக் கவிதையின் மறுபிறப்பு என்று கருதப்படுகிறது. அதில் நாட்டாரியல் அறிஞர் பாரி அன்ஸ்லே, ஜான் ஆர்சனோ என்ற புனைபெயரில் எழுதிய கவிதை ஒன்று அந்தத் தண்டனை வாக்கியத்தையே பல்லவிபோல் திரும்பத் திரும்பச் சொல்லி, அதைத் திருப்பி அடிக்கும் ஆயுதமாக்குகிறது. பிரெஞ்சை எழுத யாரும் கற்றுத்தராத மக்களிடமிருந்து அம்மொழியில் கவிதை வந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்பு இவர்களுடைய துயரத்தின் காவியமே ஆங்கிலத்தில்தான் இருந்தது. 1847-இல் லாங்ஃபெலோ எழுதிய 'எவாஞ்சலின்' நெடுங்கவிதை, நாடுகடத்தலில் காதலனைப் பிரிந்து அவனைத் தேடி அலையும் ஓர் அக்காடியப் பெண்ணின் கதை. லாங்ஃபெலோ அக்காடியைப் பார்த்ததில்லை, லூயிசியானாவுக்கும் வந்ததில்லை. ஆயினும் செயின்ட் மார்ட்டின்வில் ஊரில் எவாஞ்சலின் காத்திருந்ததாகச் சொல்லி ஓர் ஓக் மரத்தைக் காட்டுகிறார்கள். அங்கிருக்கும் அவளது சிலை, 1929-ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் எவாஞ்சலினாக நடித்த மெக்சிகோ நடிகை டொலோரெஸ் டெல் ரியோவின் சாயலில் வடிக்கப்பட்டது. கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. தன் கதையைத் தானே எழுத முடியாமற்போன மக்கள், பிறர் எழுதிய கதையின் நிழலிலாவது ஒதுங்கி நிற்கிறார்கள்.

1968-இல் மாநில அரசு பிரெஞ்சு வளர்ச்சிக்கென ஒரு மன்றத்தை அமைத்தது. கோடோஃபில் என்பது அதன் சுருக்கப் பெயர். முன்னின்றவர் வழக்கறிஞர் ஜேம்ஸ் டொமான்ஷோ. 1980-களில் எல்லாப் பாடங்களையும் பிரெஞ்சில் நடத்தும் வகுப்புகள் தொடங்கின. ஆசிரியர்கள் பிரான்ஸ், பெல்ஜியம், கனடா, ஆப்பிரிக்க நாடுகள் என வெளியிலிருந்து வந்தார்கள். லஃபயெட் வழக்கறிஞர் வாரன் பெரின் 1990-இல் பிரிட்டிஷ் அரசிக்கு மனு அனுப்பித் தொடங்கிய முயற்சி, கனடாவிலும் பலர் சேர்ந்து உழைத்த பின், 2003 டிசம்பரில் பலித்தது. அக்காடியர்களுக்கு இழைக்கப்பட்ட தீங்கை அரச பிரகடனம் ஒன்று ஏற்றுக்கொண்டது. ஆண்டுதோறும் ஜூலை 28 நினைவு நாள். இழப்பீடு இல்லை, சட்டப் பொறுப்பும் இல்லை. 248 ஆண்டுகள் கழித்து, நடந்தது உண்மைதான் என்ற ஒப்புதல் மட்டும்.

இதற்குள் தெருவெங்கும் பிரெஞ்சு வாசகம் அச்சிட்ட சட்டைகள் விற்பனைக்கு வந்துவிட்டன. நல்ல காலம் உருண்டோடட்டும் என்று பொருள்படும் வாசகம் அது. வேடிக்கை என்னவென்றால், அது பிரெஞ்சு மரபுத்தொடரே அன்று. ஆங்கிலத் தொடரொன்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. மொழி போன பின்பு மொழியின் சட்டை மட்டும் எஞ்சுவது இப்படித்தான்.

மொழி போகச் சுவை மட்டும் நின்றது ஏன்? எனக்குத் தோன்றும் விளக்கம் எளியது. கிராஃபிஷ் மூட்டையில் வரும். ஒரு மூட்டை முப்பது, நாற்பது பவுண்டு. உயிரோடு கொதிநீரில் இட வேண்டும், செத்தவை குப்பைக்கு. வைத்திருந்து தின்ன இயலாது. மூட்டை வந்த நாளில் மனிதர்களைக் கூப்பிட்டே ஆக வேண்டும். தனியாக உண்ண முடியாத உணவு தனியாக அழிவதும் இல்லை. மொழியின் கதை வேறு. பள்ளிக்கூடம் ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே பிரித்தெடுத்து, தனித்தனியே வெட்கப்படவைத்தது. கூடி உண்டதைக் கூட்டம் காத்தது. தனியே நின்று கூசியதைக் காக்க எவரும் இல்லை.

*

ஆனால் பந்தியைப் புகழும்போது யார் அதில் உட்கார முடிந்தது என்று கேட்காமல் இருக்கலாகாது. லூயிசியானாவின் சமையலில் ஆப்பிரிக்க அடிமைகளின் கை எங்கும் உண்டு. அங்கு புகழ்பெற்ற 'கம்போ' குழம்பின் பெயர், வெண்டைக்காயைக் குறிக்கும் ஒரு பாண்டு மொழிச் சொல்லிலிருந்து வந்தது. கறுப்பினத்தவரிலும் பிரெஞ்சும் கிரியோலும் பேசியவர்கள் இருந்தார்கள். அவர்களும் அதே கிராஃபிஷைப் பிடித்தார்கள், அதே தண்டனையைப் பள்ளியில் பெற்றார்கள். இருந்தும் 1964-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வரும்வரை, வெள்ளையர் உணவகத்தின் முன்வாசல் வழியாக அவர்கள் உள்ளே வர முடியாது. நாடு கடத்தப்பட்டவர்களின் பேரர்களே பிறரை வாசலில் நிறுத்தினார்கள். துயரம் மனிதர்களைத் தானாகவே நியாயவான்களாக்கிவிடும் என்பதற்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை.

உரித்துப் பொதியிட்ட வால் சதைக்குப் பின்னாலும் கைகள் உண்டு. உரிக்கும் கூடங்களில் நெடுங்காலம் உள்ளூர்ப் பெண்களே வேலை செய்தார்கள். 1990-களில் சீனாவிலிருந்து மலிவான சதை வந்து குவிந்தது. 1997-இல் அமெரிக்கா அதன்மீது பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. சீனாவின் கிராஃபிஷும் இதே லூயிசியானா இனம்தான். தவளைப் பண்ணைக்கு இரையாக 1927-இல் ஜப்பானுக்குப் போய், அங்கிருந்து சீனா சென்று பெருகியது. இன்று உலகிலேயே மிக அதிகமாக விளைவிப்பதும் உண்பதும் சீனர்கள்தாம். இன்னொரு புறம், உள்ளூர்க் கூடங்களில் இப்போது மெக்சிகோவிலிருந்து பருவகால அனுமதியில் வரும் பெண்கள் பலர் வேலை செய்கிறார்கள். 2012-இல் பிரோ பிரிட்ஜின் ஒரு கூடத்தில், ஓய்வின்றி வேலை வாங்குகிறார்கள், மிரட்டுகிறார்கள் என்று சொல்லி அப்படி வந்த சிலர் வேலைநிறுத்தம் செய்தது நாடெங்கும் செய்தியாயிற்று.

இந்தப் பந்தி விரிந்ததும் உண்டு. 1975-இல் சைகோன் வீழ்ந்த பின் வியட்நாம் அகதிகள் நியூ ஆர்லியன்சுக்கும் ஹூஸ்டனுக்கும் வந்தார்கள். பலர் கத்தோலிக்கர்கள், பலர் மீனவர்கள். பிரெஞ்சு ஆட்சியை அறிந்த வேறொரு சதுப்பு நாட்டினர். வளைகுடாவில் படகு ஓட்டினார்கள், இறால் பிடித்தார்கள், கிராஃபிஷை அவித்தார்கள். அவித்த பிறகு அதன்மேல் பூண்டு மணக்கும் வெண்ணெயை ஊற்றிப் புரட்டினார்கள். 2000-களில் ஹூஸ்டனின் வியட்நாமிய உணவகங்களில் பரவிய அந்தச் சுவையைத் தேடிப் பழைய கேஜன்களே இன்று போகிறார்கள். தாத்தாவிடம் இதுபற்றிக் கேட்டேன். "வெண்ணெய் அதிகம்" என்றார். சற்றுப் பொறுத்து, "கப்பலில் வந்தவர்கள்தானே, நம்மைப் போல" என்றார்.

*

நான் அங்கிருந்து வந்த பிறகு ஒரு செய்தி வந்தது. 2023-இன் கடும் வறட்சியில் வயல்களும் சதுப்புகளும் காய்ந்தன. வளைக்குள் போன கிராஃபிஷ்கள் பல வெளியே வரவில்லை. 2024-இன் பருவத்தில் விலை பன்மடங்கு ஏறியது. மார்ச் மாதம் மாநில ஆளுநர் பேரிடர் நிலை அறிவித்தார். வெளியூர்க்காரர்களுக்கு இது சிரிப்பாக இருந்திருக்கும். ஓர் உணவு கிடைக்கவில்லை என்பதற்குப் பேரிடரா என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எஞ்சியிருக்கும் ஒன்றும் நீரை நம்பியே இருக்கிறது.

அன்றைய மாலைக்குத் திரும்புகிறேன். குவியல் கரைந்துகொண்டிருந்தது. உதடுகள் எரிந்தன, விரல்கள் சிவந்திருந்தன. நண்பரின் மகள், ஒன்பது வயதுச் சிறுமி, பிரெஞ்சு வழி வகுப்பில் படிப்பவள். பக்கத்துத் தட்டத்திலிருந்து ஓர் இறாலை எடுத்து உயர்த்திக் காட்டி, பெருமையோடு சொன்னாள்: "க்ரெவெத்."

தாத்தா கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "ஷெவ்ரெத்" என்றார்.

"இல்லை, க்ரெவெத். எங்கள் ஆசிரியை பெல்ஜியத்திலிருந்து வந்தவர். அவர் அப்படித்தான் சொல்வார்."

இறாலுக்குப் பிரான்சில் ஒரு பெயர், லூயிசியானாவின் பழைய பிரெஞ்சில் இன்னொரு பெயர். இருவர் சொல்வதும் சரி. ஆனால் தாத்தா விடுவதாக இல்லை. இந்த இறால் இந்த நீரில் பிடித்தது, பெல்ஜியத்தில் பிடித்ததல்ல என்றார். அவள் பதில் சொன்னாள். அவர் மறுத்தார். அவர்கள் எப்போது பிரெஞ்சுக்கு மாறினார்கள் என்பதை நான் கவனிக்கவில்லை. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. நண்பர் உரிப்பதை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தம் தாத்தா வீட்டில் எவரிடமும் இப்படி நீளமாகப் பிரெஞ்சில் பேசித் தாம் கேட்டதே இல்லை என்று பிற்பாடு காரில் சொன்னார். அவருக்கும் அது புரியவில்லை.

பணியாள் வந்து, ஓடுகளோடு செய்தித்தாளை நான்கு மூலையும் சேர்த்துச் சுருட்டி எடுத்துப்போனார். ஈர மேசைக்கு இருபுறமும் அவர்கள் இருவரும் இன்னும் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள்.